தேத்தாங்கொட்டை போட்ட பியர்

நான் வீட்டில் காய்ச்சிய பியரைக் கழனித் தண்ணி என்று மச்சான் சொன்னதற்காக, போன நத்தார் பண்டிகைக்கு அதையே அவன் முகத்தில் ஊற்றினேன். அவன் என் வாயில் குத்தினான். உதடு கிழிந்து மேசைவிரிப்பெல்லாம் இரத்தம்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கடைசிச் சண்டை வரை வன்னியில் கிடந்துவிட்டு வந்தவன், லூயிஷாமில் இருக்கிறான். "இனி என்ர வீட்டில நீங்கள் ரெண்டு பேரும் கை நீட்டினால், ரெண்டு பேருமே எனக்கு வேண்டாம்," என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள்.

ஆகஸ்டில் அவளே அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்குச் சமாதானம் ஒன்றும் தேவைப்படவில்லை. தெளிந்த பியரை அவன் முன்னால் வைத்து அவன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பியர் தெளியக் குளிரும் பொறுமையும் வேண்டும். எங்கள் குட்மேய்ஸ் வீட்டுப் பிரிட்ஜில் ஆட்டிறைச்சிக்கே இடமில்லை. பொறுமை என் பரம்பரையில் கிடையாது. ஆகவே தமிழ்க் கடையில் தேத்தாங்கொட்டை வாங்கி, ஊரில் கலங்கிய தண்ணீருக்குச் செய்வதுபோலக் கல்லில் உரைத்துப் பியர் வாளிக்குள் கலக்கினேன். இரண்டு நாளில் பொன்னாகத் தெளிந்துவிட்டது. தெளிந்தால் புளித்தும் முடிந்துவிட்டது என்று நினைத்து, நுரைக்காகச் சீனி போட்டு, போத்தல்களில் அடைத்து, குசினிக்குப் பக்கத்தில் படிக்குக் கீழிருந்த அலுமாரியில் அடுக்கினேன். உள்ளே ஈஸ்ட் இன்னும் சீனியைத் தின்று வாயுவைக் கக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அவன் சாப்பிட வந்த அன்று வெயில் கொளுத்தியது. மனைவி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிரிட்ஜுக்குள் திணித்து வைத்திருந்த ஒரேயொரு போத்தலை எடுத்து, குசினியில் இருந்த மச்சானுக்கு ஊற்றினேன். நுரை அடங்கியதும் கிளாசுக்கு அப்பால் ஜன்னல் தெரிந்தது.

"இப்ப சொல்லு, இது கழனித் தண்ணியோ?"

அவன் வாய் திறக்குமுன் அலுமாரிக்குள் ஏதோ வெடித்தது. அடுத்த கணம் நான் தரையில் கிடந்தேன், அவன் என் மேல். மறுபடியும் அடிக்க வந்துவிட்டான் என்று நினைத்து அவன் காதைப் பொத்தி ஓங்கி அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. என் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமுக்கினான்.

"அசையாதேங்கோ அத்தான். இன்னும் வரும்."

வந்தது. போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அலுமாரிக் கதவு பிய்ந்து கண்ணாடி குசினியெங்கும் பறந்தது. அவன் முதுகில் அது இறங்கும்போதெல்லாம் அவன் உடம்பு துள்ளியது என் உடம்பில் தெரிந்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி, அவனைக் கதிரையில் இருத்தி, சேர்ட்டைக் கிழித்து, அழுதுகொண்டே முதுகிலிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கினாள். பிறகு அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"காது ஏன் இப்பிடிச் சிவந்து கிடக்கு?"

அறைந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"போத்தல் மூடி பட்டதக்கா," என்றான்.