ஆட்டாத ஸ்கூட்டர்

"ஏழாம் நாள் ஆண்டவர் ஓய்வெடுத்தார்னு பாதிரியார் சொல்றது சுத்தப் பொய். அன்னைக்குத்தான் உட்கார்ந்து இந்த ஸ்கூட்டருக்குப் படம் வரைஞ்சார். அதுக்கு முந்தி படைச்ச குதிரை, யானையெல்லாம் கை பழக!"

ஜெனோவா துறைமுகத்துக்கு மேலே, தன் கழுத்துப்பட்டிக் கடை வாசலில் நின்று எவாசியோ இதைச் சொன்னபோது அவனுடைய அக்கா மகள் ஜெம்மா சாக்கடையில் துப்பினாள். பதினாறு வயது. பள்ளிக்கூடம் அவளை விட்டதா, அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா என்பது அந்தத் தெருவில் இன்னும் தீராத வழக்கு.

ஆண்டவராவது, படம் வரைவதாவது. போரில் குண்டு விழுந்து பாதி இடிந்த விமானத் தொழிற்சாலையில், இனி விமானம் செய்யக்கூடாது என்றதும் வேலையற்றுப் போன பொறியாளர்கள் செய்த தகரப் பெட்டி அது. முன்சக்கரம் விமானச் சக்கரம் மாதிரி ஒற்றைக் கையில் தொங்கும். சக்கரமோ, பாலாடைக்கட்டி வட்டத்தைவிடச் சிறியது. இஞ்சின் வலது பக்கம் ஒளிந்துகொண்டிருப்பதால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். எவாசியோ எதிர்ப்பக்கம் சாய்வான். இருவரும் போவதைப் பார்த்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி இருக்கும்.

நாற்பத்திரண்டு வயது பிரம்மச்சாரி எவாசியோ அதை வாங்கியதற்கு ஒரே காரணம்தான்: இஞ்சினுக்கு மூடி, காலுக்கு முன்னால் தகடு. கால்சட்டையில் கறை படாது. கையுறை இல்லாமல் ரொட்டி வாங்கக்கூடப் போகாத ஆள்.

அங்கேதான் வினையும். இந்த வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் கலக்க வேண்டும். டேங்கில் ஊற்றியபின், கைப்பிடியையும் இருக்கையையும் பிடித்து, தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஊரே ஆட்டும், பாதிரியார்கூட அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டுவார். எவாசியோ மட்டும் மாட்டான்.

"நாலு பேர் பார்க்க இடுப்பை ஆட்டிக்கிட்டு நிக்கறதா? நான் என்ன சர்க்கஸ்காரனா?"

ஆட்டாத எண்ணெய் அடியில் போய்த் தங்கும். முதலில் அதுதான் இஞ்சினுக்குள் இறங்கும். பிளக் நனைந்து, வண்டி இருமி, படுத்துவிடும்.

அப்படித்தான் போன ஞாயிறு ஓத்தாவியாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைத்தெருவில் போனபோது, இரண்டாவது வளைவிலேயே படுத்துவிட்டது. அவள் கையுறைக் கடை விதவை. எவாசியோ இரண்டு வருடமாக வணக்கம் மட்டுமே சொல்லி வந்தவள். குதிகால் செருப்போடு மேடேறி நடந்தாள். எதிரே கறிக்கடை பாச்சின், பன்றி தொங்கும் மூன்று சக்கர வண்டியை நிறுத்தி, "ஏறிக்குங்கம்மா, இது நிக்காது" என்றான். அவளும் ஏறிவிட்டாள்!

பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்த எவாசியோவிடம் அவள் சொன்னதைத் தெருவே கேட்டது. "அடுத்த ஞாயிறு மலை மேல எங்க அக்கா வீட்டுல விருந்து. வண்டி நிக்காம வந்து சேர்ந்தா உங்களைக் கட்டிக்கப் போறவர்னு சொல்றேன். நடுவுல நின்னுதுன்னா, பாச்சின் ஏற்கெனவே பொண்ணு கேட்டுட்டார்."

அன்றிலிருந்து ஜெம்மாவுக்குக் கொண்டாட்டம். "மாமா, கயிறு எடுத்துக்குங்க. பாச்சின் கட்டி இழுப்பாரு, பன்றிக்குப் பக்கத்துல."

"வாயை மூடு கழுதை. நீ அதுகிட்டயே போகாதே."

"அந்தத் தகரத்தை நானா? செத்தாலும் தொட மாட்டேன்."

ஞாயிறு வந்தது. பூசை முடிந்ததும் எவாசியோ டேங்கை நிரப்பினான். எண்ணெயை ஊற்றினான். பம்ப் அருகே ஊரே நின்றதால், ஆட்டாமல் முற்றம்வரை உருட்டிக்கொண்டே வந்தான். காலர் மாற்ற மாடிக்குப் போனான்.

ஜெம்மா தெருவைப் பார்த்தாள். யாருமில்லை. கைப்பிடியையும் இருக்கையையும் பற்றினாள். சாய்த்தாள், நிமிர்த்தினாள், சாய்த்தாள். டேங்குக்குள் களக் களக் என்றது.

"நின்னுடாதே, சனியனே," என்று தாளம் போட்டு முணுமுணுத்தாள். "ரெண்டாவது வளைவுல மறுபடி மூச்சை விட்டுடாதே. அந்த மனுஷன் மாடியில தனியா சூப்பு குடிக்கிற சத்தத்தை இனிமே கேட்க முடியாது, கண்ணில்ல, ராசாவில்ல..."

"ஜெம்மா."

படிக்கட்டில் எவாசியோ. புதுக் காலர், ஒரு கையில் கையுறை.

அவள் வண்டியை விடவில்லை, விட்டால் விழும். "கவுக்கலாம்னு வந்தேன் மாமா. ஒரு விளையாட்டுக்கு."

"கவுக்கறவ தாலாட்டா பாடுவா? வாரம் பூரா ஒரே உதையில கிளம்புது. அதுக்குத் திடீர்னு புத்தி வந்துடுச்சுன்னு நினைக்க நான் என்ன பாச்சினா?"

ஜெம்மாவுக்குக் காதுவரை சிவந்தது. எவாசியோ முற்றத்து வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு இரண்டாவது கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டே சொன்னான்:

"நிறுத்தாதே. இன்னும் நல்லா ஆட்டு. ஓத்தாவியா கொஞ்சம் கனம்."