பெரிய வீட்டு நோட்டு

எங்கள் அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும்தான் தவறினார். ஆனால் ஒரு பாடம் போனால் மொத்தமும் போனது மாதிரிதானே. பெருநகர் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் தெருவிலிருந்து உத்திரமேரூர் ஹைஸ்கூல் வரை போன முதல் ஆள் அவர். அதனால் தவறியதையும் தெருவே கூடிப் பேசியது. செப்டம்பரில் மறுபடி எழுதலாம். அதிலும் போனால் பையனைப் பண்ணைக்கு மாடு ஓட்ட அனுப்பிவிடு என்று பெரிய வீட்டு ஐயா சொல்ல, நைனா தலையாட்டிவிட்டு வந்திருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை.

பெரிய வீட்டுப் பிள்ளையும் அதே இங்கிலீஷில்தான் தவறியிருந்தான். அவனுக்கு மாடு ஓட்டும் யோகம் இல்லை. பி.ஏ. படித்த வாத்தியார் ஒருவர் வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிக்கொடுத்தார். தப்பான வாக்கியத்தைக் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. அண்ணன் கோட்டை விட்டது அதில்தான். அந்தக் கேள்விக்கென்றே வாத்தியார் ஒரு நோட்டு நிறையப் பயிற்சி கொடுத்திருந்தார். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே கெஞ்சிக் கூத்தாடி, அதை ஒரு பகலுக்கு மட்டும் வாங்கினாள். கையில் தரவில்லை. கொல்லைப்புறத்தில் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள், அம்மா குனிந்து எடுத்துக்கொண்டாள். எங்களுக்கு எதையும் அப்படித்தான் கொடுப்பார்கள். எனக்கு அதில் ஒன்றும் புதுமை தெரியவில்லை.

அன்றைக்கென்று பார்த்து சொர்ணவாரி நெல் அறுப்பு. அண்ணனும் போயே ஆகவேண்டும். நான் அஞ்சாம் வகுப்பு. இங்கிலீஷில் எழுத்து மட்டும்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"சரியானத மட்டும் பாத்து எழுது பாப்பா. அல்லாத்தையும் எழுத பேப்பர் பத்தாது" என்று சொல்லிவிட்டு அண்ணன் அரிவாளோடு போனார்.

நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு வாக்கியமும் நீல மையில் இருந்தது. அதன் கீழேயே இன்னொன்று சிவப்பு மையில். எது சரி, எது தப்பு என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் சிவப்பு மை பட்டால் அது தப்பு, பின்னாலேயே பிரம்பும் வரும். அதைப் போய் யாராவது பார்த்து எழுதுவார்களா? நீல வரிகளை மட்டும் பொழுது சாயும்வரை எழுதினேன். விரல் வீங்கிப்போனது. பெருமை தாங்க முடியவில்லை.

அண்ணன் வரப்பில் நடந்துகொண்டே உரக்கச் சொல்லிச் சொல்லி உருப்போட்டார். நடுநடுவே நின்றுவிடுவார்.

"எனுக்கு வேற மாதிரி இல்ல தோணுது நைனா."

"பி.ஏ. படிச்சவரு எழுதிக் குடுத்துகீறாரு. உனுக்கு இன்னாடா தெரியும்? தெரிஞ்சா ஏன் பெயிலாவுற?"

பெரிய வீட்டில் போய்க் கேட்கவும் முடியாது. கேட்டால் அவர்கள் நோட்டில் குற்றம் கண்டுபிடித்ததாகிவிடும். அண்ணன் தனக்குத் தோன்றியதை விட்டுவிட்டு, நான் எழுதிக் கொடுத்ததையே மனப்பாடம் செய்தார்.

காஞ்சிபுரம் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்த நோட்டுல வேற மையில ஏதாச்சும் இருந்துச்சா?"

"சிவப்புல இருந்துச்சுண்ணா. அதெல்லாம் தப்பு. ஒண்ணுகூட எழுதல."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சரி, போய் வெளையாடு" என்றார்.

ரிசல்ட் வந்த பேப்பரில் பெரிய வீட்டுப் பிள்ளையின் நம்பர் இருந்தது. அண்ணன் நம்பர் இல்லை. நைனா மாட்டுச் சாட்டையை எடுத்துவிட்டார். ஒவ்வொரு அடிக்கும் அண்ணன், "நான் சரியா படிக்கல நைனா" என்றார்.

அவருடைய பண்ணைக் கூலியில்தான் நான் ஹைஸ்கூல் போனேன். அங்கே ஒருநாள் டீச்சர் தப்பான வாக்கியம் ஒன்றைப் போர்டில் எழுதித் திருத்தச் சொன்னார். வரப்பில் அண்ணன் சொல்லிச் சொல்லி என் காதிலும் ஏறியிருந்த வாக்கியம் அது. நீலத்தில் இருந்ததுதான் தப்பு, சிவப்பு வாத்தியார் திருத்தி எழுதியது. சரி என்று அவர் உருப்போட்டதெல்லாம் கேள்வித்தாளில் தப்பு என்று அச்சாகி வந்திருக்கிறது. அந்த ஹாலில் அவர் என்ன பாடு பட்டிருப்பார்! அவருக்குத் தோன்றியதுதான் சரி. அதை நம்பச் சொல்ல எங்கள் வீட்டில் ஒரு நாதி இல்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆனால் அடி வாங்கிய அன்று எனக்கு என்ன தெரியும்? சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். விரல் வீங்க எழுதிக் குடுத்தேனே, உட்கார்ந்து படிக்கிறதுக்கு உனக்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா, படிச்சிருக்கணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவர் மாடு ஓட்டப் போனார். நன்றாக வேண்டும் இவருக்கு என்றுதான் நினைத்தேன்.