எட்டு இல்லாத கணக்கு

எனக்குக் கணக்கென்றால் பைத்தியம். கல்லூரியில் அதைத்தான் நடத்துகிறேன். ஆனாலும் நான் வாங்கிய முதல் காருக்கு 4652 என்று நம்பர் வந்தபோது அதைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா கூட்டினார். பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. எங்கள் அன்னூர்ப் பக்கம் எட்டு என்றால் சனி, அந்த வண்டியை விற்கப் போனால்கூட முகம் சுளிப்பார்கள். "நான் அதுல ஏற மாட்டேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

முதல் சவாரி அம்மாவோடு அவிநாசி கோயிலுக்கு என்று காரை புக் செய்த அன்றே முடிவு செய்திருந்தேன். அவர் ஏறாத கார் எனக்கு எதற்கு? விடுவேனா, பின்னாலேயே போனேன்.

எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து என்று ஒப்பித்தேன். ஒன்பது ஒன்பதாகக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாமே எட்டுதான், அப்படிப் பார்த்தால் ரோட்டில் ஒன்பதில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடக்க வேண்டுமே என்றேன். அம்மா பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பளிச்சென்று பட்டது. அடடா, இதெல்லாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வந்த வினை! நமக்கு எட்டே விரல் இருந்திருந்தால் எட்டெட்டாகத்தான் எண்ணியிருப்போம். அந்தக் கணக்கில் ஏழுக்கு மேல் இலக்கமே கிடையாது, எட்டு என்று எழுதவே முடியாது. காய்கறி வந்த காகிதப் பையைக் கிழித்து அதில் நம்பரை அந்த முறைக்கு மாற்றினேன். 11054. அதை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். இதில் சனி எங்கே உட்காருவார் என்று கேட்டேன்.

அதையும் கூட்டு என்றார் அம்மா. கூட்டினால் பதினொன்று, அதாவது ஓர் எட்டும் மூன்றும், அந்த முறையில் அதை 13 என்று எழுத வேண்டும், ஒன்றும் மூன்றும் நாலு. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாலு ராகு. எட்டுக்கு அடுத்தபடியாக எங்கள் ஊரில் யாரும் தொடாத எண்.

"சனிகிட்டருந்து ராகுகிட்டக் கொண்டாந்து உட்டுப்போட்டயே" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒன்பது ஒன்பதாக எண்ணும் முறையிலும் போட்டுப் பார்த்தேன், பாழாய்ப்போன நாலே வந்தது. காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, நான் மட்டும் கோயிலுக்குப் போகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியைக் கிளப்பும்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் வெங்காயச் சருகு, புடவைகூட மாற்றவில்லை.

"எட்டு எட்டுத்தான் கண்ணு. அதுல உன்னையத் தனியா உட்டுப்போட்டு நான் ஊட்டுல உக்கோந்திருப்பனா? கதவத் தொற."