கால்விரல் ஆடிய ஐந்து மணி நேரம்

கேரளத்துக் கல்லாற்றில் ஒரு ரிசார்ட்டுக்கு சென்ட்ரிங் பலகை அடிக்கும்போது பால்பாண்டி இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தான். காலை ஒன்பது மணி. விழுந்த மனிதன் முதலில் கேட்டது பீடி. அதனால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. வலது கால் பெருவிரல் வேறு, ஆட்டச் சொன்னால் ஆடியது.

அங்கேயே மணல் சுமந்துகொண்டிருந்த அவன் மனைவி பேச்சிதான் அவனைப் பலகையோடு டெம்போவில் ஏற்றச் சொன்னாள். திருவனந்தபுரம் தம்பானூரில் வண்டி நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கால்மணி நேரம். வள்ளியூர்ப் பக்கம் எலும்பு கட்டும் வைத்தியரிடம் போக மூன்று மணி நேரம். கை ஒடிந்தாலும் கால் ஒடிந்தாலும் இங்கே வேலைக்கு வந்த அவர்கள் ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி அங்கேதான் போவார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு விடட்டே, சேச்சி?" என்றான் டிரைவர் ரதீஷ்.

"வேண்டாம்ணே. அங்க போனா முதுக வெட்டிப்புடுவாவ. வெரலுதான் ஆடுதுல்லா? எண்ணெய்க்கட்டு போட்டா சரியாயிரும்."

"ஏட்டி, நான் என்ன ஒடிஞ்ச நாற்காலியா?" என்றான் பால்பாண்டி, பலகையில் கிடந்தபடி.

டெம்போ தெற்கே திரும்பியது. களியக்காவிளையில் விரல் ஆடியது. நாகர்கோவிலிலும் ஆடியது. இரண்டு மணிக்கு வைத்தியர் வாசலில் பேச்சி ஆட்டச் சொன்னாள். விரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அதுவரை கேட்டதுதான் அதிசயம். அவள் புருஷனுடைய விரலல்லவா.

நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தார்கள். டாக்டர் லிபி தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். விழுந்தபோது தண்டுவடத்தில் நசுங்கியது கொஞ்சம்தான். பிறகு நரம்புக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து, அங்கே சும்மா கிடந்த என்சைம்களை எழுப்பிவிட்டது. புரதத்தை வெட்டுவதே அவற்றின் வேலை. மற்ற நாளில் அளவாக வெட்டும். இப்போது நரம்பைத் தாங்கும் இழைகளையே வெட்டித் தள்ளிவிட்டன. வண்டிக் குலுக்கலும் சேர்ந்துகொண்டது.

பேச்சிக்குப் புரிந்தது. காங்கிரீட் இறுகும் முன்னே முட்டுக்கம்பை உருவுகிற கூறுகெட்ட ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள்.

"அத நிறுத்த மருந்து உண்டுமா, டாக்டரே?"

"எலியில கொஞ்சம் பலிச்சிட்டுண்டு. மனுஷனுக்கு இதுவரை இல்ல."

"அப்போ என்னய எலின்னு எழுதிக்கிடுங்க," என்றான் பால்பாண்டி. டாக்டர் சிரிக்கவில்லை.

வராந்தாவில் பேச்சி தனியாகக் கேட்டாள். "அன்னைக்கு நேரா இங்க வந்திருந்தா?"

"உறப்பா சொல்ல முடியாது. கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கத்திக்குப் பயந்துதான் ஓடினாள். வெட்டு அவளோடு டெம்போவிலேயே வந்திருக்கிறது.

இப்போது தினமும் காலையில் பால்பாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்பான். "ஆடுதாட்டி?"

பேச்சி போர்வைக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து ஆட்டுவாள். போர்வை அசையும்.

"ஆடுது."

அவன் "ம்" என்பான். யார் ஆட்டியது என்று ஒருநாளும் கேட்டதில்லை.