கடைக்காரம்மா வைத்த முறை

பதினைந்து வருடமாக மாத்திரைக்கு அடங்காத என் சர்க்கரை, வாரம் ஒருமுறை போடும் பேனா ஊசிக்குத்தான் அடங்கியது. அதைப் போட்டால் உடம்பு இளைக்கும் என்று ஊருக்குத் தெரிந்ததும் வந்தது வினை. கல்யாணப் பெண்கள், தொப்பைக்காரர்கள் என்று ஆளாளுக்கு வாங்க, குடவாசலில் ஊசிக்குத் தட்டுப்பாடு.

மருந்துக்கடையை நடத்தும் அம்மா, எங்கள் வயலில் நடவு நட்டவரின் மகள். பார்மசி படித்தவர். என்னைவிட இருபது வயது சின்னவர்தான், ஆனாலும் அவர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. நன்னிலம், நீடாமங்கலம் என்று பஸ் ஏறி அலைந்து, ஐஸ் பெட்டியில் நாலைந்து ஊசி கொண்டுவருவார். இளைப்பதற்காகக் கேட்டு வந்த ஒரு பெரிய வீட்டுக்காரர், இரண்டு மடங்கு விலை தருவதாகச் சொன்னார்.

"வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா முறை வைப்போம்ல, அப்படித்தாங்க இதுவும். முதல்ல சர்க்கரைக்காரங்க. மிச்சமிருந்தா பார்க்கலாம்" என்றார் கடைக்காரம்மா.

மிச்சமிருக்காது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். தட்டுப்பாடு என்று காதில் விழுந்ததுமே தஞ்சாவூரில் மூன்று ஊசி வாங்கி, விதைநெல் போல ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்தியிருந்தேன். அதைத் தொடாமல், கடையில் என் முறைக்கும் தவறாமல் போய் நின்றேன்.

ஒரு வியாழக்கிழமை இருந்தது ஒரே ஊசி, என் முறை. பெஞ்சில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் உட்கார்ந்திருந்தார். இன்சுலினில் மயக்கம் வருகிறதென்று டாக்டர் அவரை இந்த ஊசிக்கு மாற்றியிருந்தார். முறை வரிசையில் கடைசியாகப் பெயர் கொடுத்தவர். ஊசியில்லாமல் சர்க்கரை ஏறி, கண் மங்கி, பிள்ளைகளை ஏற்றப் பயந்து வேனை நிறுத்திவிட்டாராம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்குப் போய் மூன்றையும் கொண்டுவந்து வைத்தேன். "இதை அவருக்குக் கொடுங்கம்மா."

கடைக்காரம்மா திட்டவில்லை. "கடையை விட்டுப் போன மருந்தை இன்னொருத்தருக்குத் தர மாட்டேன் சார். எப்படி வச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல? இதை நீங்களே போட்டுக்குங்க. இன்னிக்கு முறையும் அடுத்த ரெண்டு முறையும் அவருக்குக் குடுத்துடுறேன். சரிதானே?"

இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவேயில்லை. சரியென்றேன்.

சில நாளில் எங்கள் தெருவில் வேன் ஓடத் தொடங்கியது. நாலாவது வாரம் மறுபடி என் முறை வந்தது. கடைக்காரம்மா ஊசியை எடுத்தார், ஆனால் நீட்டவில்லை.

"ஃப்ரிட்ஜ் காலிதானே சார்?"

ஆமென்று தலையாட்டினேன்.