இடுக்கு விட்டுக் கட்டிய படகு

எனக்குக் கால் இரண்டும் வராது என்று சொன்னால் எல்லோரும் முதலில் ஒரு உச்சுக் கொட்டுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள் நான். இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, போகும்போது இடுப்புக்குக் கீழே இருந்த பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் விட்ட கைகள் நன்றாக இருக்கின்றன. வாயும் நன்றாகவே இருக்கிறது, எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டின ஊர் எங்களுடையது. பட்டு நெசவுக் குடும்பம். தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதித்தால்தான் நெசவு. அதனால் எனக்கு ராட்டையில் நூல் சுற்றும் வேலைதான் என்று யாரும் என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஊனமுற்றவர்களுக்கு எஸ்.டி.டி. பூத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே மனு எழுதிப் போட்டேன். ஏரிக்கு அந்தக் கரையில், பஸ் நிற்கும் கூட்டுரோட்டில், என் பேருக்கு ஒரு பூத் வந்தது. ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு போன், ஒரு நாற்காலி. முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது வந்த திமிர் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

வெயில் காலத்தில் ஏரி வற்றிக் கிடக்கும். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில், ஏரிக்கு நடுவே போகும் தடத்தில், கால் மணி நேரத்தில் பூத்துக்குப் போய்விடுவேன். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் அந்தத் தடம் முழுகிவிடும். கரைமேல் போகலாம் என்றால் மதகு இருக்கும் இடத்தில் படிக்கட்டு. வண்டி ஏறாது. ரோட்டைச் சுற்றிப் போனால் மேடும் பள்ளமுமாக வெகுதூரம். முதல் வருஷ மழையில் அண்ணன்தான் மொபெட்டில் கொண்டுபோய் விட்டான். தெருவே பார்க்க என்னைத் தூக்கி வைப்பான், கூட்டுரோடே பார்க்கத் தூக்கி இறக்குவான். சாயங்காலம் திரும்பவும் அதே கூத்து. அவன் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் தூக்கப்படுகிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசும். அதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் மழை பிடித்ததும், சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் சொன்னான்.

"மழ வுடற வரைக்கும் உங்க அண்ணி பூத்துல குந்திக்கட்டும். இன்னாத்துக்கு உனக்குப் பேஜாரு? நீ வூட்ல நிம்மதியா இரு."

"என் பேருல கீற பூத்து அது."

"பேரு உன்னுதுதான். யாரு இல்லன்னாங்க?"

அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் நாற்காலி யாரையும் விடாது. ஒரு மழைக்காலம் உட்கார்ந்தவள் கோடையில் எழுந்திருப்பாள் என்று என்ன உறுதி? அடுத்த வருஷம் வெயில் கடுமை என்பார்கள். அதற்கடுத்த வருஷம் உனக்கு எதற்கு அலைச்சல் என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். அப்படியே நான் ராட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். அதை நினைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. படகு கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அது முடிகிற வரைக்கும் அண்ணி பூத்தில் உட்காருவதைத் தடுக்க எனக்கு வழியில்லை.

எங்கள் ஏரியில் படகு கிடையாது. மீன் பிடிக்கிறவர்கள் லாரி டியூப் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு போவார்கள். நானும் படகைக் கிட்டத்தில் பார்த்தவள் இல்லை. ஆனால் மாட்டுக்குத் தண்ணி காட்டும் மரத்தொட்டியைப் பார்த்திருக்கிறேன். தொட்டி தண்ணீரை வெளியே விடாது, படகு உள்ளே விடாது, அவ்வளவுதானே என்று துணிந்தேன். மேலும் அது உட்கார்ந்தே செய்கிற வேலை. அதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

அடுக்களையில் அடுப்புக்கு மேலே ஒரு பழைய பரண் இருந்தது. மாம்பலகை. இருபது வருஷம் புகை குடித்து எலும்பாகக் காய்ந்த மரம். அதைப் பிரிக்கச் சொன்னதும் அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே பானைகளை இறக்கி வைத்தாள்.

"முழுகிப் போயிட்டன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள்.

"லாரி டியூப் ஒண்ணு இடுப்புல கட்டிக்கினு போறேன்மா."

"காலு வராதவளுக்குத் தண்ணியில இன்னாடி வேல?"

"தண்ணியில யாருக்குமா காலு வேணும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

ரம்பம், இழைப்புளி, சுத்தி எல்லாம் இரவல். ஏழடி நீளம், மூன்றடி அகலம், தட்டையான அடி. முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் ஒடுக்கினேன். பலகைகளை நடுவில் போட்டுக்கொண்டு, தரையில் நகர்ந்து நகர்ந்து அறுத்தேன். முதல் வாரம் கட்டைவிரல் நகம் ஒன்று போனது. இரண்டாம் வாரத்தில் ரம்பம் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

நெசவுக்காரர் வீட்டில் பிறந்த புத்தி எங்கே போகும்? இழைக்கும் இழைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது சேலையா என்று கேட்டு வளர்ந்தவள் நான். அடிப்பலகைகளைச் சேர்த்து வைத்து, நடுவில் ஒரு பட்டு இழையை விட்டுப் பார்ப்பேன். இழை நுழைந்தால் திரும்ப இழைப்புளி. இப்படியே பத்து நாள். கடைசியில் எந்த மூட்டிலும் பட்டு இழை நுழையவில்லை. மேலே தார் மாதிரிக் கறுப்பான கீல் பூசினேன். அம்மாவே விரலை ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றாள். எங்கள் வீட்டில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

கார்த்திகை அமாவாசை அன்று படகை ஏரிக்குத் தூக்கிப் போனார்கள். அமாவாசையில் எந்த வீட்டிலும் தறி ஓடாது. தூக்க நாலு பேர், வேடிக்கை பார்க்கத் தெரு முழுக்க. தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. உள்ளே கையை வைத்துத் தடவினேன், ஒரு சொட்டு இல்லை. நான் ராணி மாதிரி திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வேறு எங்கேயோ பார்த்தான். விடிந்ததும் போகலாம் என்று படகைக் கரையில் கட்டிவிட்டு வந்தேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால் படகு வாய்வரை தண்ணீரில் கிடக்கிறது. அடிப்பலகைகள் நடுவில் முதுகு தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. யாரோ கடப்பாரை போட்டு நெம்பின மாதிரி இருந்தது. எனக்கு முதலில் அண்ணன் மேல்தான் சந்தேகம் வந்தது. அது பாவம், ஆனால் வந்தது.

"முடிஞ்சிதா உன் கூத்து?" என்றான் அவன். வருத்தமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

எல்லோரும் போன பிறகு ஏரியில் மீன் பிடிக்கும் இருளர் பெண் ஒருத்தி, என் வயசுதான், கூடையோடு வந்து பலகைகளைப் பார்த்தாள்.

"யக்கா, மழக்காலத்துல உங்க வூட்டுக் கதவு சாத்த வருதா?"

"வராது. ஊதிக்கும். ஓங்கி இடிக்கணும்."

"இதுவும் மரம்தான?" என்றாள். "எங்க குடிசைக்குக் கதவே கெடையாது. எனக்கே தெரியுது."

எனக்குச் சுருக்கென்றது. வருஷா வருஷம் ஐப்பசியில் அந்தக் கதவை இடித்துச் சாத்துகிறவள் நான். எலும்பாகக் காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊதும்போது, பக்கத்தில் நகர இழைகூட நுழையாத இடத்தில், எங்கே போகும்? மேலேதான் கிளம்பும். வேலை மட்டமாக இருந்திருந்தால் படகு பிழைத்திருக்கும். அன்று அழுதேன். யாருக்கும் தெரியாமல் எல்லாம் இல்லை, கரையில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன். பிறகு பலகைகளைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லி அவளையே கேட்டேன்.

இரண்டு நாள் வெயிலும் மூன்று நாள் அடுப்பங்கரையுமாக அவற்றைக் காய வைத்தேன். விளிம்புகளை இழைத்து, தீப்பெட்டி அட்டையை இரண்டாக மடித்தால் வரும் கனத்துக்கு இடுக்கு விட்டு ஆணி அடித்தேன். இடுக்கு முழுக்கப் பருத்தி நூல் கழிவை முறுக்கி, கீலில் தோய்த்துத் திணித்தேன். அம்மா வந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். எனக்குமே பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. இந்தத் தடவை தெருவைக் கூப்பிடவில்லை. அந்த இருளர் பெண்ணும் அவள் வீட்டாரும் தூக்கிப் போய் ஏரியில் இறக்க, இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன். முதல் நாள் கசிந்தது, இரண்டாம் நாள் நின்றது.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் எழுவதற்கு முன் கிளம்பினேன். இடுப்பில் டியூப், கையில் பலகைத் துடுப்பு. ஏரிக்குள் கருவேல மரங்கள் பாதி முழுகி நிற்கும். "வடக்கால முள்ளு கீது, தெக்கால சுத்திக்கினு போ" என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நடு ஏரியில் காற்று பிடித்துப் படகு ஒரு சுற்றுச் சுற்றியது. கத்தினால் கேட்க ஆள் இல்லை. ராட்டை சுற்றிச் சுற்றி உரமேறின தோள், வலிக்க வலிக்கத் துழாவினேன். அந்தக் கரை தட்டியபோது வெயில் ஏறியிருந்தது.

கரையிலிருந்து பூத்துக்கு முப்பது அடி இருக்கும். சேற்றில் கையை ஊன்றி நகர்ந்துதான் போனேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பூத்தில் அண்ணி. பக்கத்தில் புதுச் சாமிப் படம் மாட்டியிருந்தது.

"எப்டி வந்த?"

"தண்ணி மேல."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"பக்கத்து வூட்டுக்குப் போன் போட்டுச் சொல்லு. காசு நான் போட்டுக்கறேன்."

அவள் எழுந்தாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். "ஒரு மாசமா நானும் நாலு மனுசங்க மொகத்தப் பாத்தேன்," என்றாள். அந்தச் சொல் என்னைத் தைத்தது. ஆனாலும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். சில வருஷம் கழித்து செல்போன் வந்து பூத்தை மூடும் வரைக்கும், எந்த மழையிலும் அதில் வேறு யாரும் உட்காரவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினேன். எங்கள் கரையில் அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. படகு கிட்டே வந்ததும், வழக்கம்போல என் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுக்கக் குனிந்தான்.

"தூக்காத. படகப் புடி."

அவன் கை அப்படியே நின்றது. பிறகு படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் இறங்கி முடிக்கிற வரைக்கும், அது ஆடாமல் பார்த்துக்கொண்டான்.