தட்டைத் தட்டும் சிறுமி

திருத்தங்கலில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு ஒரு படப் புத்தகம் ஆர்டர் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான கதை. வாத்தியம் வாங்க வழியில்லாத ஒரு சிறுமி, சாப்பிடுகிற தட்டையே கொட்டாக்கித் தட்டுகிறாள். சந்தோஷம் என்றால் மெல்ல, கோபம் என்றால் படபடவென்று. வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் தட்டியே சொல்லிவிடுகிறாள். ஊரே கூடி நின்று மெச்சுகிறது. தாள் மடித்துக்கொண்டே படித்துவிட்டு, எழுதினவருக்கு அக்கம்பக்கத்தில் வீடே கிடையாது போல என்று சிரித்தேன்.

ஆனாலும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கலர் ஒதுங்கிப்போய் வேஸ்ட்டில் போட்டது. சிறுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழுந்திருந்தது. என் அக்கா மகளுக்காகத்தான் எடுத்தேன். ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. அக்கா வெடி விபத்தில் போனபின் என்னோடு இருக்கிறது. அதன் அப்பா லாரியில் லோடு ஏற்றி வடக்கே போய்விட்டு எப்போதாவது வருகிறவர்.

அக்கா போனதிலிருந்து அந்தப் பிள்ளை அழவே இல்லை. அம்மா எங்கே என்று கேட்கவும் இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடும், படு என்றால் படுக்கும். "புள்ள நல்லாத் தேறிருச்சு" என்றார்கள் சொந்தக்காரர்கள். தேறின பிள்ளை இப்படியா இருக்கும்? இந்தப் புத்தகத்தைக் காட்டியாவது அதை அழவைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அக்கா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தாள். அந்த அறையில் எதையும் தட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, கீழே போடக் கூடாது. எவர்சில்வர் தூக்குச்சட்டிகூட வெளியேதான் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குடத்தை ஓசைப்படாமல் இறக்குவாள். பிள்ளை கரண்டியால் தட்டினால் போதும், "தட்டாத தாயி, வெடிச்சிரும்" என்பாள். மருந்து வேலைக்குப் போகிற பொம்பளைகள் எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். பூச்சாண்டி வருகிறான் என்கிற மாதிரி.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் அந்த அறை வெடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி போர்மேன் என்னிடம் வந்து, "ஒங்க அக்காதான் கை தவறி எதையோ தட்டிருச்சு போல" என்றான். பிள்ளை அப்போது என் இடுப்பில் இருந்தது. அவன் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல இருந்தது. உடம்பில் அதற்குத் தெம்பில்லை.

புத்தகம் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை மடியில் வைத்துக் கதையைப் படித்தேன். நன்றாகத்தான் கேட்டது. சிறுமி தட்டைக் கவிழ்த்து வைத்துக் கையை ஓங்குகிற பக்கம் வந்ததும், இரண்டு கையாலும் படத்தைப் பொத்திக்கொண்டது.

"தட்ட வேணாம்னு சொல்லு சித்தி. அவ அம்மா செத்துப் போயிரும்."

"யாருத்தா அப்பிடிச் சொன்னா?"

"அன்னைக்கு நான் தட்டுனேன். அம்மா வேலைக்குப் போறப்ப. முட்டை வைக்கலன்னு."

இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதானா இத்தனை நாளும் சோறு தின்றது!

"இல்லவே இல்ல தாயி. நீ தட்டுனது இங்கன. வெடிச்சது அம்புட்டுத் தூரத்துல. நீ தட்டுனதுக்கு அங்கன எப்பிடி வெடிக்கும்?"

பிள்ளை என் முகத்தையே பார்த்தது. "அப்ப அம்மாவா தட்டுச்சு?"

போர்மேன் சொன்னது அதன் காதிலும் விழுந்திருக்கிறது. அந்த அறையில் இருந்த ஒருத்தரும் பிழைக்கவில்லை. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நான் கண்ணால் பார்த்தவள் மாதிரி அடித்துச் சொன்னேன்.

"அம்மா தட்டல. அந்த ரூம்பு கொள்ளாத ஆளுகள உக்கார வச்சு, ஆர்டர முடி, ஆர்டர முடின்னு வெரட்டுனாக. அதுலதான் வெடிச்சது. ஒங்கம்மா ஒரு தப்பும் பண்ணல. நீயும் பண்ணல."

அப்புறம்தான் அழுதது. "அம்மா, அம்மா" என்று தெருவுக்கே கேட்கும்படி அழுதது. பக்கத்து வீட்டு அக்கா பதறி ஓடிவந்து, "ஏத்தா, அழாத, அழாத" என்று பிள்ளையைத் தூக்கப் போனாள். நான் கொடுக்கவில்லை.

"விடுங்கக்கா, அழட்டும்" என்றேன்.